மண்ணுக்குப் பங்கு வைக்காத எரிபயிர் எதற்கு?



நாட்டில் ஓடுகிற வண்டிக்கெல்லாம் இனிமேல் நம்ம காட்டில் விளைவதுதான் எரிபொருள் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்க 2018-ல் கொள்கை போட்டபோது 2030 வரை கெடு வைத்தார்கள். 2022-ல் அந்தக் கெடுவை 2025-26 என்று முன்னுக்கு இழுத்தார்கள். 2025-லேயே 20-ஐத் தொட்டும் விட்டார்கள். 2013-14-ல் வெறும் 38 கோடி லிட்டர் எத்தனால் வாங்கிய எண்ணெய்க் கம்பெனிகள், 2025-26-க்குக் கேட்டது ஆயிரம் கோடி லிட்டருக்கு மேல். அரபு நாட்டுக்குப் போக வேண்டிய பணம் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் மிச்சமாச்சு என்று அரசாங்கமே கணக்குச் சொல்கிறது.

நல்லது. நாடு மிச்சம் பிடித்தால் நமக்கும் சந்தோஷம்தான். நாம் கேட்பது ஒரே ஒரு கேள்வி. அந்த லட்சம் கோடியில் மண்ணுக்கு எவ்வளவு போட்டீர்கள்?

பதில் வராது. ஏனென்றால் அந்தக் கணக்கில் மண் என்று ஒரு தலைப்பே கிடையாது. பம்பில் கலக்கிற லிட்டர் இருக்கிறது, ஆலை போட்ட முதலீடு இருக்கிறது, வங்கிக்கடனுக்கு வட்டி மானியம் இருக்கிறது. விளைந்த காடு என்ன ஆச்சு, அடுத்த போகத்துக்கு அதில் என்ன மிச்சம் இருக்கு என்று எழுத ஒரு வரி இல்லை. அந்த வரியைச் சேர்க்கச் சொல்லித்தான் இந்தத் துண்டுப் பிரசுரம். ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் "தரிசு" என்றார்கள்

காட்டாமணக்கை மறந்திருக்க மாட்டோம். இருபது வருஷத்துக்கு முந்தி அந்தச் செடிக்கு நடந்த கல்யாணம் கொஞ்சமா நஞ்சமா! 2003-ல் மத்தியத் திட்டக்குழு போட்ட கமிட்டி ஓர் அறிக்கை கொடுத்தது. ஒரு எக்டேருக்கு 2,500 செடி, செடிக்கு ஒன்றரைக் கிலோ விதை, கிலோ அஞ்சு ரூபாய். ஆக எக்டேருக்கு 3,750 கிலோ, கையில் பதினெட்டாயிரத்துச் சொச்சம். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், தரிசில் வரும், அம்பது வருஷம் காய்க்கும் என்று கம்பெனிக்காரர்கள் ஜீப்பில் வந்து சொன்னார்கள். கன்று கொடுத்தார்கள், ஒப்பந்தத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள்.

அந்தச் செடியை நமக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தாத்தா காலத்திலிருந்து வேலியில் நிற்கிற செடி. ஏன் வேலிக்கு வைத்தார்கள்? ஆடு வாய் வைக்காது. விதையைத் தின்ற பிள்ளைகள் வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஊர்கள் எத்தனை! வேலியில் இருக்கும்போது அது குணம். அதையே கொல்லைக்குள் கொண்டுவந்து நட்டால் ஆட்டுக்குத் தழை இல்லை, மாட்டுக்குப் பிண்ணாக்கு இல்லை. விஷமாச்சே! நிலக்கடலை போட்ட காட்டில் கடலை வீட்டுக்கு வரும், கொடி மாட்டுக்குப் போகும், வேர் முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்து வைத்துவிட்டுப் போகும். அந்தக் கடலையை எடுத்துவிட்டுத்தான் பல கொல்லைகளில் காட்டாமணக்கு ஏறியது.

என்ன ஆச்சு? தண்ணீர் பாய்ச்சினவன் காட்டில் ஏதோ காய்த்தது. மானாவாரியில் செடி நின்றது, காய் இல்லை. காய்த்த கொஞ்சத்தைப் பறிக்கக் கூலி கொடுத்தால் விதை விற்ற காசு கூலிக்கே போதவில்லை. கன்று கொடுத்த கம்பெனி விதை வாங்க வரவில்லை. தமிழ்நாட்டுக் காட்டாமணக்குத் தோட்டங்களை ஆராய்ந்து 2010-ல் வெளியான ஆய்வும் இதையேதான் சொன்னது. விளைச்சல் சொன்னதற்கு வெகு கீழே. உணவுப் பயிரையும் தீவனத்தையும் தள்ளிவிட்டு இது வந்தது. தாக்குப்பிடித்தவர்கள் கிணறும் காசும் உள்ளவர்கள். சிறு விவசாயி மேலும் ஓரங்கட்டப்பட்டான். டீசலில் 20 சதவீதம் கலப்போம் என்று 2009-ல் போட்ட கொள்கை 2017-க்குக் கெடு வைத்தது. 2024 வரைக்கும் ஒரு சதவீதத்தைக்கூட நிலையாகத் தொடவில்லை. கொள்கை போட்டவர்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. செடியைப் பிடுங்க ஜேசிபிக்கு வாடகை கொடுத்தது நம்மவர்கள்தான்.

இதில் கவனிக்க வேண்டியது "தரிசு" என்ற அந்த ஒரு வார்த்தை. தாசில்தார் ஆபீஸ் பதிவேட்டில் தரிசு. நமக்கு? ஆடு மேய்கிற இடம், விறகு பொறுக்குகிற இடம், மழைத்தண்ணீர் ஓடி ஏரிக்கு இறங்குகிற வழி. மேய்ச்சல் புறம்போக்கில் வேலி போட்டால் அன்றைக்கே ஆட்டுப்பட்டி விற்பனைக்கு வரும். ஆடு போனால் கிடை போச்சு, கிடை போனால் கொல்லைக்கு எரு போச்சு. தரிசில் செடி நட்டதால் பட்டா நிலத்தின் மண் கெடும் என்பதை எந்த அறிக்கையில் எழுதினார்கள்?

இப்போது "கழிவு" என்கிறார்கள்

காட்டாமணக்குப் பேச்சு ஓய்ந்தது. இப்போது புது வார்த்தை வந்திருக்கிறது. வேளாண் கழிவு! வைக்கோல் கழிவாம். மக்காச்சோளத் தட்டை கழிவாம். கரும்புச் சோகை கழிவாம். அழுத்திக் கட்டியாக்கி அனல்மின் நிலையத்தில் நிலக்கரியோடு எரிக்கலாம், சாண எரிவாயு மாதிரி வாயு எடுத்து வண்டிக்கு அடைக்கலாம் என்கிறார்கள். 2018 அக்டோபரில் இதற்கென்று மத்திய அரசு ஒரு திட்டமே தொடங்கியது. 2021-ல் அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு இதையும் சேர்த்து எரிக்க வேண்டும் என்று கொள்கை வந்தது.

அய்யா, மாடு கட்டியிருக்கிற வீட்டில் வந்து வைக்கோலைக் கழிவு என்று சொல்லிப் பாருங்கள்! டெல்டாவில் அறுவடை மெஷின் போன பின்னாலேயே வைக்கோல் கட்டுகிற மெஷின் வருகிறது, லாரி வருகிறது, வெளி மாவட்டத்து மாட்டுக்குப் போகிறது. கழிவுக்கா லாரி வாடகை கொடுப்பார்கள்?

சரி, மாடு தின்னாதது போகட்டும் என்றால் அதையும் கணக்குப் பார்ப்போம். ஒரு டன் வைக்கோலில் தழைச்சத்து சுமார் 5 கிலோ, மணிச்சத்து 2 கிலோ, சாம்பல்சத்து 20 கிலோ வரை இருக்கிறது. ஒரு ஏக்கரில் 2 டன் வைக்கோல் என்று வையுங்கள். சாம்பல்சத்து மட்டும் 40 கிலோ. 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில் இருக்கும் சத்து 30 கிலோதான். ஆக ஒரு ஏக்கர் வைக்கோலைக் கட்டி ஏற்றினால் ஒரு மூட்டைக்கு மேல் பொட்டாஷைச் சேர்த்து ஏற்றி அனுப்புகிறோம். கடையில் அந்த மூட்டை இன்றைக்கு 1,500 ரூபாய்க்குக் குறையாது. கட்டுக்கு என்ன விலை கொடுத்தான் என்பதை நீங்களே பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இதற்கு நம்மிடமே ஒரு எதிர்க்கேள்வி கேட்பார்கள். "நீங்க கொளுத்தத்தானே செய்றீங்க? கொளுத்துறதை எங்ககிட்ட கொடுத்தா என்ன?" கேட்பது சுலபம். தட்டையை வெட்டி அப்புறப்படுத்த ஆள் கூலி என்ன, அடுத்த விதைப்புக்கு ஈரம் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்பவருக்குத் தெரியாது. தட்டையைப் பொடியாக்கி மண்ணோடு மடக்குகிற கருவியைக் கூட்டுறவுச் சங்கத்தில் குறைந்த வாடகைக்கு வை. கொளுத்துகிறவன் எவன் என்று அப்புறம் பார்ப்போம். ஆலைக்கு அள்ளிப்போக மெஷினுக்கு மானியம் உண்டு. மண்ணுக்கே மடக்க உழவர் வரிசையில் நின்று பெயர் பதிய வேண்டும். எந்தப் பக்கம் சாய்ந்த தராசு இது!

எரிவது எது, எரியாதது எது?

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். நம்ம போராட்டத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

பயிர் தன் உடம்பைக் கட்டுவது எதைக்கொண்டு? பெரும்பங்கு காற்றும் தண்ணீரும் வெயிலும். கரிமம் காற்றிலிருந்து வருகிறது. மண்ணிலிருந்து எடுப்பது தழை, மணி, சாம்பல் சத்து, துத்தநாகம், இரும்பு, கந்தகம் போன்றவை. இப்போது எத்தனாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது கரிமம், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன். அவ்வளவுதான். தழைச்சத்து கிடையாது, பொட்டாஷ் கிடையாது. சாண எரிவாயுவில் எரிகிற மீத்தேனும் அப்படியே. அதாவது வண்டிக்கு வேண்டிய பொருள் எதுவும் மண்ணுக்கு வேண்டிய உப்புச்சத்து இல்லை!

அப்படியானால் நம்ம காட்டிலிருந்து கரும்போடும் சோளத்தோடும் லாரி ஏறிப் போன பொட்டாஷ் எங்கே? ஆலை வாசலோடு நின்றுவிட்டது. வடித்து மிஞ்சின கழிவு நீரில் இருக்கிறது. கொதிகலன் சாம்பலில் இருக்கிறது. சக்கையில், கசடில் இருக்கிறது. எண்ணெய்க் கம்பெனி அதை வாங்கவில்லை, பெட்ரோலில் கலக்கவும் இல்லை. திருப்பிக் கொடுக்க முடியாத பொருளாக இருந்தால் "என்ன செய்றது, போச்சு" என்று விடலாம். முழுசாகத் திருப்பிக் கொடுக்கக்கூடிய பொருளை வைத்துக்கொண்டுதான் நம்மிடமே விலைக்கு விற்கிறார்கள்.

விலைக்கா? ஆமாம். வடிப்பாலைக் கழிவு நீரை வற்றவைத்துக் கொதிகலனில் எரித்தால் மிஞ்சும் சாம்பல் பொட்டாஷ் மிகுந்தது. 14.5 சதவீதம் பொட்டாஷ் உள்ள உரமாக அதற்கு மத்திய அரசு மானியப் பட்டியலில் இடம் கொடுத்திருக்கிறது. 2024-ல் ஆலைகளும் உரக் கம்பெனிகளும் டன்னுக்கு 4,263 ரூபாய் என்று விலை பேசி முடித்தார்கள். கரும்பு வெட்டிக் கொடுத்தவனை அந்தப் பேச்சுக்கு யாரும் கூப்பிடவில்லை. நம்ம வயலில் இருந்து போன சத்து, நம்ம தலையிலேயே மூட்டையாக வந்து இறங்குகிறது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் பொட்டாஷுக்கு மாற்று என்று அதற்குப் பெருமை வேறு.

பிரஸ்மட் கதையும் இதுதான். கரும்பு இறக்கிவிட்டுத் திரும்பும் டிராக்டரில் கசடு ஏற்றிவந்து காட்டில் கொட்டியது நமக்குத் தெரியும். களர் மண்ணுக்கு அதைப்போல மருந்து கிடையாது. இன்றைக்கு அது வாயு ஆலைக்கு மூலப்பொருள் ஆகிவிட்டது, கிராக்கி ஏறிவிட்டது. வாயு எடுத்துக்கொள்ளட்டும், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வாயு எடுத்த பின் மிஞ்சுகிற எருவில் சத்து அப்படியே இருக்கிறதே, அது யாருக்கு? அந்த எருவை விற்க ஆலைக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் ஊக்கத்தொகையை 2023-ல் அரசு அறிவித்தது. விற்பவனுக்கு ஊக்கம். விளைவித்துக் கொடுத்தவன் பிறகு வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளலாம்!

மக்காச்சோளக் காட்டில் நடப்பது

பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல், விருதுநகர், தூத்துக்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் மானாவாரிக் காடெல்லாம் மக்காச்சோளம். வரகும் கம்பும் நாட்டுச் சோளமும் துவரையும் கலந்து நின்ற காடுகள். 2025-26 எத்தனால் ஒதுக்கீட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவாக மக்காச்சோளத்திலிருந்துதான் வருகிறது. ஆக இனிமேல் இது கோழித்தீவனப் பயிர் மட்டும் அல்ல, எரிபயிர்.

எரிபயிர் என்று பேர் வந்தவுடன் வருஷா வருஷம் அதே காட்டில் அதையே போடச் சொல்லும் வேகம் வருகிறது. மக்காச்சோளம் பெருந்தீனிக்காரப் பயிர். வரிசைக்கு வரிசை இடைவெளி அதிகம். ஐப்பசி மழை அடிக்கும்போது பயிர் முழங்கால் உயரம்கூட இருக்காது. வரிசைக்கு நடுவில் மண் அம்மணமாகக் கிடக்கும். சரிவை ஒட்டி மேலிருந்து கீழே டிராக்டர் விட்டு உழுத காட்டில் தண்ணீர் அந்தச் சாலிலேயே ஓடி மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடைக்குப் போகும். சரிவுக்குக் குறுக்கே உழுதாலே பாதி மண் நிற்கும். இது யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. மணிக்கணக்கு வாடகை டிராக்டர் குறுக்கே திரும்பத் திரும்ப வண்டி மடக்கச் சம்மதிக்காது, அதுதான் சங்கடம்.

அடுத்தது களைக்கொல்லி. கூலி மிச்சம் என்று அட்ரசின் அடிக்கிறோம். அடித்த காட்டில் உளுந்து, தட்டைப்பயறு ஊடுபயிராக வராது. மண்ணில் தங்கி அடுத்த போகத்துப் பயறையும் தட்டும். ஊடுபயிர் போடுவதாக இருந்தால் அட்ரசின் அடிக்காதே, பெண்டிமெத்தலின் போ என்றுதான் வேளாண்மைப் பல்கலைக்கழகமே சொல்கிறது. கடைக்காரர் அதைச் சொல்கிறாரா? இரண்டு வரிசைக்கு நடுவே ஒரு வரிசை தட்டைப்பயறு நின்றால் மழை நேராக மண்ணில் அடிக்காது, தழைச்சத்து மண்ணில் சேரும், வீட்டுக்குக் குழம்புக்கும் ஆகும். ஆலைக்கு வேண்டிய டன் அதனால் ஒன்றும் பெரிதாகக் குறைந்துவிடாது.

அப்புறம் தட்டை. கதிரை ஒடித்த பின் ஏக்கருக்கு ரெண்டரை டன் தட்டை நிற்கிறது. தானியத்தோடு போவது பெரும்பாலும் தழையும் மணியும். பொட்டாஷ் நிற்பது தட்டையில். தட்டையையும் கட்டி விற்றால் காட்டில் மிஞ்சுவது வேர்க்கட்டை மட்டும். "உரம் போட்டா சரியாப் போச்சு" என்பார்கள். போகாது. யூரியாவில் மக்கு இல்லை. மக்கு இல்லாத கரிசலில் மழை இறங்காது, வழிந்து ஓடும், இறங்கினாலும் தங்காது. உங்கள் மண்வள அட்டையை எடுத்துப் பாருங்கள். அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் "குறைவு" என்று போட்டிருக்கும். எத்தனை பேர் அட்டையில் "அதிகம்" என்று இருக்கிறது? கையைத் தூக்கச் சொன்னால் கூட்டத்தில் எண்ணிவிடலாம்.

விலைக்கு வருவோம். 2018-ல் அமெரிக்கப் படைப்புழு வந்து குருத்தைத் தின்றதிலிருந்து மருந்துச் செலவு ஏறியதுதான், இறங்கவில்லை. 2025-26-க்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். 2025 நவம்பரில் கர்நாடகத்தில் என்ன நடந்தது? 1,600, 1,800 என்று சரிந்து விவசாயிகள் ரோட்டுக்கு வந்தார்கள். நமக்கும் நெல்லுக்கு இருப்பதுபோல ஊருக்கு ஊர் கொள்முதல் நிலையம் இல்லை; களத்துமேட்டில் வியாபாரி சொன்னதுதான் விலை. ஒரு டன் மக்காச்சோளத்தில் 380 லிட்டர் எத்தனால். லிட்டருக்கு அரசாங்கம் வைத்த விலை 71 ரூபாய் 86 காசு. பெருக்கினால் 27,300 ரூபாய். வடித்த பின் மிஞ்சும் சக்கை தீவனமாகத் தனியாக விற்கும். விளைவித்தவன் கையில் 17,000. ஆலைக்கும் செலவு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எத்தனாலுக்கு உத்தரவாத விலை, எத்தனாலுக்கு மூலமான மணிக்குச் சந்தை விலை என்றால் அது என்ன நியாயம்? 17,000-க்கு விற்றவன் எங்கே போய் மண்ணைப் பார்ப்பான்? தட்டையையும் விற்றுத்தான் கடனை அடைப்பான். மண் தேய்வதற்கு முதல் காரணம் விவசாயியின் அறியாமை இல்லை, அவன் மடியில் காசு இல்லாததுதான். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கு மிஞ்சாது என்பார்கள். இப்போது உழக்கு மண்ணும் மிஞ்சாது போலிருக்கிறது.

குத்தகைக்கு உழுகிறவர் நிலைமை இன்னும் மோசம். ஒரு வருஷக் குத்தகைக்காரர் எந்த நம்பிக்கையில் தக்கைப்பூண்டு மடக்குவார்?

கரும்பு

கரும்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பட்டவர்களுக்குத் தெரியும். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு விலை டன்னுக்கு 3,550 ரூபாய் என்று பேப்பரில் வந்தது. அது 10.25 சதவீதம் சர்க்கரைச் சத்து வந்தால். நம்ம பக்கம் பல ஆலைகளில் 9.5-ஐத் தாண்டுவதே பாடு. அதற்குக் கீழே போனால் 3,290 ரூபாய் 50 காசு. பில்லில் சர்க்கரைச் சத்து என்று ஒரு வரி உண்டு. எத்தனால் என்று வரி உண்டா? சக்கையில் எடுத்த மின்சாரம்? ஆலையின் லாபத்தில் கூடுதல் பங்கு கேட்க வழி வைத்திருந்த 5-ஏ பிரிவை 2009-லேயே எடுத்துவிட்டார்கள்.

கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனாலுக்குச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் என்று 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. எழுதியவர்களே இவர்கள்தான். தெரிந்தும் செய்கிறார்கள். சரி, தெரிந்து செய்ததிலாவது நிலையாக நின்றார்களா? 2023 டிசம்பர் 7-ல் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்காதே என்று ஓர் உத்தரவு. ஒரு வாரத்தில் கொஞ்சம் தளர்த்தி இன்னொன்று. 2024 ஆகஸ்டில் எடுத்துக்கொள் என்று மற்றொன்று. அரிசியிலும் 2023 ஜூலையில் இதே கதை. டில்லியில் ஒரு தாளை மாற்றினால் கொள்கை மாறும். நாம் கட்டைப்பயிர் விட்ட காட்டை ராத்திரியோடு ராத்திரியாக மாற்ற முடியுமா?

அப்போ எரிபயிரே வேண்டாமா?

அப்படி யார் சொன்னது? விவசாயிகள் சங்கம் எதைக் கொண்டுவந்தாலும் வேண்டாம் என்கும் என்று ஒரு பேச்சைக் கிளப்பிவிடுகிறார்கள். எரிபயிர் நமக்குப் புதுசு இல்லை. இலுப்பை எண்ணெயில் கோயில் விளக்கு எரிந்தது. புங்கன் எண்ணெயில் தெருவிளக்கு எரிந்தது. அந்த மரங்கள் எங்கே நின்றன? வரப்பில், ஏரிக்கரையில், வாய்க்கால் ஓரத்தில். விதை விளக்குக்கு, தழை நெல் வயலுக்கு, பிண்ணாக்கு உரத்துக்கு. புங்கம் பிண்ணாக்கில் தழைச்சத்து 4 சதவீதம். மரம் தானே காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து வைக்கிற சாதி. பயிர் நிலத்தில் ஒரு சென்ட்கூட கேட்கவில்லை. எரிபொருளும் மண்ணும் சண்டை போடாமல் இருந்த ஏற்பாடு அது.

சாண எரிவாயுக் கலனைப் பாருங்கள். நாலஞ்சு மாடு, தினம் 50 கிலோ சாணம் இருந்தால் 2 கனமீட்டர் கலனில் ஒரு குடும்பத்துக்கு அடுப்பு எரியும். எரிந்த பின் கரைசல் வெளியே வருகிறது, எருவாகக் காட்டுக்குப் போகிறது. எரிவதை எடுத்துக்கொண்டு எரியாததை மண்ணுக்கே கொடுக்கிறது. ஆயிரம் கோடி லிட்டர் திட்டம் போட்டவர்களுக்கு இந்தச் சாணிக் கலன் சொல்லும் பாடம் புரியவில்லையா?

இன்னொன்று. எரிப்பதற்கென்று இனிமேல்தான் நட வேண்டுமா? ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் கண்மாய்களில் சீமைக்கருவேல் காடாக நிற்கிறது. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னது. வெட்டுகிறார்கள், மறுபடி துளிர்க்கிறது. முதுகுளத்தூர்ப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் எத்தனையோ. கொதிகலனுக்கு விறகு வேண்டுமென்றால் அதை வேரோடு எடுத்துப் போங்கள், கூலியை ஊர்க்காரர்களுக்குக் கொடுங்கள், காலியான கண்மாயில் தண்ணீர் நிற்கட்டும். அதை விட்டுவிட்டு மாட்டுத் தீவனத்தின்மேல் ஏன் கண் வைக்கிறீர்கள்?

நாமும் சங்கக் கூட்டங்களில் பேசி ஒரு வழி வைத்திருக்கிறோம். மக்காச்சோளத்துக்குப் பின் அதே காட்டில் மக்காச்சோளம் வேண்டாம், நடுவில் ஒரு போகம் கடலையோ உளுந்தோ வரட்டும். தட்டையில் குறைந்தது பாதி காட்டிலேயே மடங்கட்டும். மீதி முதலில் மாட்டுக்கு, அதற்கும் மிஞ்சினால் விற்பனைக்கு. கோடை மழைக்குக் கொளிஞ்சியோ தக்கைப்பூண்டோ தெளித்துப் பூக்கும் சமயத்தில் மடக்கலாம். வரப்பில் கிளைரிசிடியா, அகத்தி, புங்கன். விறகு அடுப்புக்கு, தழை வயலுக்கு. முடிந்தவர்கள் ஒரு ஏக்கரில் செய்து பாருங்கள். முடியாதவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. செய்ய வைக்கும் பொறுப்பு விலை நிர்ணயிக்கிறவர்களுடையது.

எனவே கேட்கிறோம்

தமிழ்நாடு அரசு 2023-ல் எத்தனால் கொள்கை வெளியிட்டு 5,000 கோடி ரூபாய் முதலீடு வரும் என்றது. அனுமதி கேட்டு வரும் ஒவ்வோர் ஆலையிடமும் ஒரே நிபந்தனை போடட்டும்: எந்த ஊரிலிருந்து மூலப்பொருள் எடுக்கிறாயோ அந்த ஊருக்கே கசடும் சாம்பலும் எருவும் திரும்பிப் போக வேண்டும். சப்ளை செய்த டன் கணக்குப்படி, இலவசமாக, ஆலை வண்டியிலேயே. காட்டுக்குப் போடத் தகுந்ததுதானா என்று வேளாண்மைத் துறை பரிசோதித்து முத்திரை வைத்த பிறகு. பொட்டாஷ் சாம்பலை விற்றுத்தான் தீருவேன் என்றால் அந்தப் பணம் கரும்பு பில்லில் தனி வரியாக வரட்டும்.

மக்காச்சோளத்தை ஆதார விலைக்குக் குறைத்து வாங்கிய ஆலையிடமிருந்து எண்ணெய்க் கம்பெனிகள் எத்தனால் வாங்கக் கூடாது. பில் காட்டினால்தான் பணம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், டெண்டரில் ஒரு வரி போதும்.

வைக்கோல், தட்டை, சோகை எடுக்க வருகிற கம்பெனி ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். எவ்வளவு எடுப்பான், எவ்வளவு காட்டில் விடுவான் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். எடுக்கிற வருஷமெல்லாம் அவன் செலவில் மண் பரிசோதனை. அங்ககக் கரிமம் குறைந்தால் எடுப்பது நிற்க வேண்டும்.

மேய்ச்சல் புறம்போக்கு ஒரு சென்ட்கூட எரிபயிருக்குக் கொடுக்கக் கூடாது. கிராமசபைத் தீர்மானம் இல்லாமல் எந்தத் தரிசிலும் கன்று இறங்கக் கூடாது. காட்டாமணக்கில் ஒருமுறை பார்த்தாச்சு, போதும்.

தட்டை பொடியாக்கும் கருவியும் பசுந்தாள் விதையும் ஒவ்வொரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திலும் இருக்க வேண்டும். குத்தகைக்காரருக்கும் சேர்த்து.

வருகிற மாதம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஊர் ஊராகத் திரண்டு போய் இந்தக் கோரிக்கைகளை மனுவாகக் கொடுக்கிறோம். கொடுத்துவிட்டு அலுவலக வாசலில் ஆர்ப்பாட்டம். வருகிறவர்கள் மண்வள அட்டையின் நகல் ஒன்று, போன போகத்து மக்காச்சோளமோ கரும்போ விற்ற பில் ஒன்று, இரண்டையும் மனுவோடு சேர்த்துப் பின் போட்டு எடுத்து வாருங்கள். பில் கொடுக்காத வியாபாரியிடம் விற்றவர்கள், தேதியும் எடையும் விலையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அட்டையே வராதவர்கள் காட்டு மண்ணை ஒரு கிலோ துணிப்பையில் கட்டி, பையின் மேல் சர்வே நம்பர் எழுதிக் கொண்டு வாருங்கள். அங்கேயே அதிகாரி மேசையில் வைத்துப் பரிசோதனைக்குப் பதிவு செய்வோம். காலையில் முதல் பஸ்ஸுக்கே கிளம்பினால்தான் டோக்கன் கிடைக்கும். பெண்கள் பெயரில் பட்டா உள்ள வீடுகளில் அவர்களையே கூட்டி வாருங்கள்.